அப்பாவின் பட்டறையில் இருக்கும் இங்கிலீஷ்



பிளஸ் டூ முடித்த பிள்ளையை "அட்வான்ஸ்டு வொக்காபுலரி" வகுப்பில் சேர்க்கலாமா சார் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து தினம் ஐம்பது சொல் மனப்பாடம் செய் என்கிற வகுப்பு என்றால் வேண்டாம்.

அந்தப் பட்டியல்களுக்கு ஒரு காலம் இருந்தது. அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் ஒற்றைச் சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பார்கள். 2011 ஆகஸ்டில் அந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். எஸ்.ஏ.டி. தேர்வும் 2016-இல் மாறி, தெரிந்த சொல்தான், இந்தப் பத்தியில் அதற்கு என்ன பொருள் என்று கேட்க ஆரம்பித்தது.

தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். இதைப் படிக்க நம்ம பக்கத்தைவிடத் தோதான ஊர் எதுங்க?

திருப்பூரில் ஸ்டென்டர் மிஷின் தெரியாதவர் யார்? சாயம் போட்ட ஈரத்துணியை இரண்டு ஓரமும் ஊசியில் மாட்டி, இழுத்துப் பிடித்தபடி சூட்டில் ஓட்டி எடுக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கம்பளித் துணியை மரச்சட்டத்துக் கொக்கிகளில் இழுத்து மாட்டிக் காயவைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். ஸ்டென்டரும் அதே குடும்பம்தான். "ஆன் டென்டர்ஹுக்ஸ்" என்றால் அந்தக் கொக்கியில் மாட்டிய துணி மாதிரி மனசு இழுபட்டு நிற்பது. ரிசல்ட் வருகிற அன்று காலையில் நீங்கள் எல்லாரும் எப்படி நின்றீர்கள், அதுதான். ஸ்டென்டர் ஓட்டுபவர் வீட்டுப் பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

ஷாடி என்றால் மட்டமான வேலை. முதலில் அது பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூற்ற நூலின் பெயர். நம் ஓ.இ. மில்களில் பனியன் கட்டிங் வேஸ்ட்டை நூலாக்குகிறார்களே, அதற்குச் சொந்தக்கார வேலை. (எங்கள் நூலையா மட்டம் என்கிறீர்கள் என்று மில் வைத்திருக்கும் மாப்பிள்ளை சண்டைக்கு வருவார், வரட்டும்.) ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்குப் போனால் டெம்பரிங். கடினமாக்கிய இரும்பு சட்டென்று உடையாதபடி அளவாக மறுபடி சூடுகாட்டுவது. கண்டிப்போடு கொஞ்சம் கனிவைச் சேர்த்துத் தணிப்பதற்கும் இங்கிலீஷில் டெம்பர்தான்.

டெக்ஸ்ட், டெக்ஸ்டைல் இரண்டுமே நெய்தல் என்கிற லத்தீன் சொல்லில் பிறந்தவை. நமக்கு இது புதுசா? புத்தகமும் நூல், இழையும் நூல். சொல்தான் பஞ்சு, புலவனின் அறிவுதான் கதிர் என்று நன்னூல் எப்போதோ சொல்லிவிட்டது.

அதற்காகப் புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய "வேர்ட் பவர் மேட் ஈஸி" இன்றைக்கும் நல்ல புத்தகம். வேர்ச்சொல்லைப் பிடித்துச் சொற்களைக் கூட்டம் கூட்டமாகச் சொல்லித்தருகிறது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்குங்கள். கூடவே தினம் ஒரு பக்கம் இங்கிலீஷ் பேப்பர்.

எனக்குப் பொறுக்காதது வேறு ஒன்று. "பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மாவை மட்டும் அனுப்புங்க, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது" என்று சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அப்பா ஒரு ஷிப்டில் கவுண்ட், ஷேட், ஷ்ரிங்கேஜ், டாலரன்ஸ் என்று நாற்பது இங்கிலீஷ் சொல்லைப் பிசகாமல் புழங்குகிறவர். டாலரன்ஸ் என்றால் சகிப்புத்தன்மை என்று பிள்ளை படித்திருக்கும். அளவு எத்தனை மைக்ரான் கூடலாம், குறையலாம் என்பது அப்பாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே சொல்லின் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே புழங்கும் பத்துச் சொல்லை அப்பா சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். அகராதியில் மற்ற பொருளைத் தேடுவது பிள்ளையின் வேலை. பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். விட்டுப்போனதை நான் நிரப்பித் தருகிறேன். ஃபீஸ் கிடையாது.