பிரேக்கில் புகுந்த காற்று

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளையை அடைவதற்குள் ஒரு மோட்டார் கார் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகின்றது. அவ்வழியே குடும்பத்தோடு புறப்படுவோர் பெற்றோல் இருக்கின்றதா என்று பார்ப்பார்களேயன்றி, பிரேக் எண்ணெயின் வயதை விசாரிப்பதில்லை.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எங்கும் பரவும் என்பது பாஸ்கலின் விதி. அவர் மறைந்த மறு ஆண்டு, 1663 இல், அது நூலாக வெளிவந்தது. நம் வீதிகளில் இன்றும் காணும் மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தபோதே அவ்விதியைக் கொண்டுதான் நான்கு சக்கரங்களையும் நிறுத்தியது. காலால் மிதிக்கும் விசையைத் திரவம் சுருங்காமல் சக்கரத்திற்குக் கொண்டு செல்கின்றது. குழாயினுள் காற்றுக் குமிழி இருந்தாலோ, மிதிக்கும் விசை அதனைச் சுருக்குவதிலேயே செலவாகும். பெடல் பஞ்சுபோல் அமிழும். இரண்டு மூன்று தடவை மிதித்து, "இப்போது பிடிக்கின்றது" என்று திருப்தியடைவோரைக் கண்டால் நமக்கு அச்சமே உண்டாகின்றது.

மலைநாட்டில் இன்னொரு வினையும் உண்டு. சாதாரண பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்குப் பேர்போன வட்டவளை நமக்கு அயலிலேயே இருக்கின்றது. இங்கே ஈரத்திற்குப் பஞ்சமில்லை. 'டொட் 3' என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதித்தலாகாது என்பது விதி. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் கலந்துவிட்டால் எதிர்பார்க்கக்கூடியது 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாது மிதித்தால் அவ்வெப்பமும் எட்டிவிடும். எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும். பெடல் தரையைத் தொடும். அடிவாரத்தில் ஆறியதும் ஆவி மறைந்து, பிரேக் பழையபடி பிடிக்கும். மெக்கானிக்கிடம் காட்டினால் குறையே தெரியாது! ஆதலால் குமிழி வருவது நின்றவுடன் வேலை முடிந்ததெனக் கொள்ளலாகாது. கறுத்த எண்ணெய் முழுவதும் போய்ப் புதியது தெளிவாக வரும்வரை எடுக்க வேண்டும்.

இதற்கு இருவர் தேவை. பெரும்பாலான கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவர். எனினும் காரின் கைந்நூலே பிரமாணம். நிப்பிளில் இறப்பர்க் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது எண்ணெயுள்ள போத்தலில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மூடிய பின்னரே "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். முந்திக் காலெடுத்தால் வெளியேறிய காற்று மீண்டும் உட்புகும். இந்தப் பெடல் உத்தியோகம் வீடுகளில் பெரும்பாலும் மூத்த மகனுக்கே வாய்க்கின்றது. பௌதிகம் படிக்கும் பிள்ளையாயின் இரட்டை இலாபம்.

மேலேயுள்ள எண்ணெய்க் கிண்ணம் வற்றாதபடி இடையிடையே நிரப்புதல் வேண்டும். போத்தலில் வடிந்ததைச் சிக்கனம் கருதி மீண்டும் ஊற்றலாகாது. என்ஜின் எண்ணெயை ஊற்றினால் இறப்பர்ப் பாகங்கள் ஊதிக் கெடும். ஏபிஎஸ் பொருத்திய புதிய கார்கள் சிலவற்றிற்குத் தனிக் கருவி வேண்டுமாதலால், அவற்றைப் பட்டறைக்கே கொண்டு செல்லலாம். எல்லாம் முடிந்தபின் பெடல் கல்போல் நிற்கின்றதா என்று பார்த்து, முதலில் சமதரையில் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். கினிகத்தேனைப் பக்கம் அதற்குப் பிறகுதான்.