அடியும் ஏளனமும் மருந்தாகா

கழுவிய கையையே மீண்டும் மீண்டும் கழுவுகின்றான் ஒரு சிறுவன். பூட்டிய கதவைப் பத்துமுறை இழுத்துப் பார்த்தும், படலையைத் தாண்ட மாட்டாது திரும்புகின்றார் ஒரு பெரியவர். சிறுவனுக்கு அடி, பெரியவருக்கு ஏளனம். விசாரணையின்றி வழங்கப்படும் இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

இது பிடிவாதமுமன்று, பேயின் வேலையுமன்று. எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத அச்சமொன்று உள்ளத்தில் எழுகின்றது. அதைத் தணிக்கச் செய்யும் செயல் கணப்பொழுது ஆறுதல் தந்து, பின்னர் அவ்வச்சத்தையே வளர்க்கின்றது.

இவ்வட்டத்தை உடைக்க வழியுண்டு. 1966ஆம் ஆண்டில் இலண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் அதற்கு அடிகோலினார். அஞ்சுவதை நோயாளி படிப்படியாக எதிர்கொள்ள வேண்டும். கழுவாமலும் சோதியாமலும் பொறுத்திருக்க வேண்டும். அச்சம் தானே தணியுமென்பதை உள்ளம் கற்றுக்கொள்ளும். வளர்ந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே வழி. 2004இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையான 112 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், இப்பயிற்சியையும் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 54 வீதமானோர் பன்னிரு வாரங்களில் நோயின் பிடியிலிருந்து பெரும்பாலும் விடுபட்டனர். வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 4 வீதமானோரே.

“கதவு பூட்டியாயிற்று” என்று வீட்டார் நூறுமுறை உறுதி கூறுவது அன்பாகத் தோன்றினும், நோய்க்கே உரமாகும். வெட்கத்தை விடுத்து வைத்தியரை நாடுவதே அவர்தம் கடமை.

மருந்துச் சீட்டை எம்மொழியிலும் எழுதலாம்; அச்சத்தை வாய்விட்டுரைக்கத் தாய்மொழியே வேண்டும். தமிழர் வாழும் மாவட்டந்தோறும், தமிழில் இப்பயிற்சி அளிக்க வல்லாரை அமர்த்துவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது நமது உரிமை.