உலோகத்துக்குள் ஓடும் எலெக்ட்ரானை ‘ஸ்கேன்’ செய்ய முடியுமா? எக்ஸ்ரே செய்யும் வேலையும் ராமநாதபுரம் தொடர்பும்!

மேசை மேல் வைத்த செம்புக் கம்பி அப்படியே கிடக்கும். ஆனா, அதுக்குள்ள இருக்கும் வேகமான எலெக்ட்ரான்கள் நொடிக்கு சுமார் 1,570 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? பார்க்கலாம்.

எக்ஸ்ரே எப்படி வேகத்தைச் சொல்லும்?

தொண்டியில் ஈசிஆர் ஓரமா நின்னு கவனிங்க. எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சுனு கேட்கும். கடந்து போனதும் கட்டையாகிவிடும். எலெக்ட்ரானில் மோதிச் சிதறும் எக்ஸ்ரேயிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது.

மோதலில் எக்ஸ்ரே கொஞ்சம் ஆற்றலை இழக்கும். இதை 1923-ல் விளக்கியவர் அமெரிக்காவின் ஆர்தர் காம்ப்டன். எலெக்ட்ரான் ஓடும் திசையைப் பொறுத்து அந்த இழப்பு கூடும், குறையும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எலெக்ட்ரானின் உந்தத்தைக் கணக்கிடுகிறார்கள். உந்தம் என்பது நிறையும் வேகமும் பெருக்கி வருவது.

முழுப் படம் எப்படிக் கிடைக்கும்?

ஒருமுறை அளந்தால் ஒரு திசை உந்தம் மட்டும்தான் தெரியும். சுவரில் விழும் நிழல் மாதிரி. அதனால் உலோகப் படிகத்தைத் திருப்பித் திருப்பிப் பல திசைகளில் அளக்கிறார்கள். சி.டி. ஸ்கேன் போலவே, கம்ப்யூட்டர் இந்த நிழல்களைச் சேர்த்து முப்பரிமாணப் படமாக்கும்.

இதனால என்ன லாபம்?

உலோகக் கலவை, காந்தம் பற்றிய கோட்பாடுகள் சரியா என்று சோதிக்கலாம். பேட்டரியைப் பிரிக்காமலே உள்ளே லித்தியம் நகர்வதையும் பார்க்கலாம். ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகம் இதைச் செய்து காட்டியது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் காரைக்குடி சிக்ரி, தொண்டிக்குப் பக்கம்தான்.

ராமநாதபுரம் தொடர்பு என்ன?

காம்ப்டனுக்கு 1927-ல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரண ஒளியிலும் இப்படி ஒரு மாற்றம் இருக்குமா என்று தேடினார் சி.வி.ராமன். 1928 பிப்ரவரி 28-ல் கண்டறியப்பட்டதுதான் ராமன் விளைவு. அந்தச் சோதனைகளில் உடனிருந்த கே.எஸ்.கிருஷ்ணன், ஒருங்கிணைந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த வத்திராயிருப்பில் பிறந்தவர்.

இந்தியா எங்கே நிற்கிறது?

உதய்ப்பூர் மோகன்லால் சுகாடியா பல்கலைக்கழகத்தில் சீசியம்-137 தரும் காமா கதிரை வைத்து இதே அளவீடு நடந்திருக்கிறது. ஆனால் துல்லியமான படத்துக்கு ஆற்றல் மிகுந்த, செறிவான எக்ஸ்ரே தேவை. இந்தூரின் இண்டஸ்-2 இயங்குவது 2.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில். ஸ்பிரிங்-8 இயங்குவதோ 8-ல். உதய்ப்பூர் ஆய்வாளர்கள் ஜப்பான் வரை போய் அளந்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான். பேட்டரியை இங்கேயே தயாரிக்க நினைக்கும் நாட்டுக்கு, அதை உள்ளே பார்க்கும் கருவியும் இங்கேயே வேணும்.