பாட்டு நம்மளோடது… கணக்கு யாரோடது?

பூதலூர் வட்டார மக்களே, கலைஞர்களே, தோழர்களே!

செல்போனில் பாட்டு கேட்கும் எல்லோரும் ஒரு நிமிஷம் ஒதுக்கி இதைப் படியுங்க.

2021 மார்ச்சில் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. நிலமில்லாத உழைப்பாளிகளின் வலியைச் சொன்ன பாட்டு. யூடியூபில் பல கோடி முறை ஓடியது. ஆனால் 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்: அந்தப் பாட்டால் தனக்கும், தீக்கும், அறிவுக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை!

ஊரறிந்த கலைஞர்களுக்கே இந்த நிலைமைன்னா, நம்ம ஊர்த் திருவிழாவில் தவில் அடிக்கிறவருக்கும், நாட்டுப்புறப் பாட்டு பாடுற அக்காவுக்கும் என்ன கிடைக்கும்? மேடை நிகழ்ச்சியைப் படம் பிடிச்சுப் போட்டா விளம்பரக் காசு சேனல்காரருக்கு. பாடினவருக்கு அன்னைக்குப் பேசின சம்பளத்தோட சரி!

ஸ்பாட்டிஃபை கணக்கைப் பாருங்க. நீங்க கட்டுற சந்தா, நீங்க கேட்ட பாடகருக்கு நேராப் போறதில்லை. எல்லார் காசும் ஒரே குவியல். அதில் கம்பெனி தன் பங்கை எடுத்தது போக, மீதி மொத்தமா ஓடின எண்ணிக்கையை வச்சு உரிமையாளர்களுக்குப் பிரியும். கலைஞருக்கு அதில் எவ்வளவுங்கிறது அவர் போட்ட கையெழுத்தைப் பொறுத்தது. 2024 முதல் இன்னொரு விதி: 12 மாசத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்குப் பதிவு ராயல்டியே கிடையாது. சின்னக் கலைஞரின் சில்லறை, பெரிய பாட்டுகளின் பங்கோடு சேர்ந்துடும்.

குவியல் பிரிக்கிற கதை டெல்டாவுக்குப் புதுசா? களத்து நெல்லில் உழுதவனுக்கு இவ்வளவுன்னு சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது. போராடினோம். 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு 5-ல் 2 பங்கு உறுதியாச்சு. அந்தக் களத்திலாவது குவியல் கண்ணுக்குத் தெரிஞ்சது. இங்கே அளக்கிறதும் அவங்க, விலை வைக்கிறதும் அவங்க!

“கேசட் காலத்தில் மட்டும் ஒழுங்காக் கொடுத்தாங்களா?”ன்னு கேட்கலாம். இல்லைதான். இன்னைக்குச் சென்னை ஸ்டுடியோ வாசலில் நிக்காமலே பாட்டை உலகத்துக்குக் கொண்டுபோக முடியுது, அதுவும் உண்மை. செயலிகள் வேண்டாம்னு நாங்க சொல்லலை. கணக்கைக் காட்டுன்னுதான் சொல்றோம்!

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தம், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டுன்னு சொல்லுது. வணிகத்துக்குப் பயன்படுத்தினா நிகழ்த்துக் கலைஞருக்கும் ராயல்டி உண்டுங்குது. காகிதத்தில் இருக்கிற உரிமை கைக்கு வரணும்.

நமது கோரிக்கைகள்:

🔴 எத்தனை முறை ஓடியது, எவ்வளவு வந்தது என்ற கணக்கைக் கலைஞருக்கே நேராகக் காட்ட வேண்டும்.

🔴 ஒப்பந்தங்கள் தமிழில் இருக்க வேண்டும்.

🔴 நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ராயல்டி பதிவுக்கு உதவி முகாம் நடத்த வேண்டும்.

🔴 தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம், நம் கலைஞர்களின் பாட்டை அவர்கள் பேரிலேயே இலவசமாகப் பதிவு செய்து தர வேண்டும்.

கலைஞர்களே, படிச்சுப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீங்க. புரியலைன்னா நம்ம தோழர்களிடம் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.

உழுதவனுக்குப் பங்கு கேட்ட மண் இது. பாடினவனுக்கும் கேட்கும்!

பகிருங்கள் தோழர்களே! ✊