வீட்டுக்கல்வி: தேர்விலிருந்து தப்பிக்கும் வழியா?

2020 ஏப்ரலில் கொவிட்-19 காரணமாகப் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது நான் உயர்நிலை மூன்றில் இருந்தேன். தோழிகளைப் பார்க்க முடியாமல் தவித்த மாதம் அது. என் சித்தி மகனுக்கோ அந்த ஆண்டிலேயே நல்ல மாதம் அதுதான். தொடக்கநிலை இரண்டில் படித்த அவனுக்கு ஞாயிறு இரவு தவறாமல் வரும் வயிற்றுவலி, அந்த மாதம் ஒருமுறைகூட வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. வலியும் திரும்பியது.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவனுக்குத் திக்கும். சிலர் சிரிப்பார்கள். ஆசிரியர் தம்மால் இயன்றதைச் செய்தார். ஆனால் ஏறக்குறைய முப்பது பிள்ளைகளில் அவன் ஒருவன். ஆண்டிறுதியில் சித்தி தமது கணக்காளர் வேலையை விட்டுவிட்டு, அவனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவெடுத்தார்.

உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “பள்ளிக்கூடம் போகாத பிள்ளை நாளைக்கு நாலு பேரோட எப்படிப் பழகும்?” என்று கேட்டார் பெரியம்மா. எனக்கு வந்தது கவலை அல்ல, பொறாமை. தம்பிக்கு இனிப் பள்ளியும் இல்லை, தேர்வும் இல்லை என்று நினைத்தேன்.

பள்ளி இல்லை என்பது சரி. தேர்வு இல்லை என்பது தவறு. வீட்டுக்கல்வி பற்றிப் பேச்சு வரும்போது பல்கலைக்கழகத்தில் என் நண்பர்களும் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன்.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆறு வயதைத் தாண்டிய, 15 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்ப் பிள்ளை தேசியத் தொடக்கப்பள்ளியில் படிக்க வேண்டும். மீறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். கற்பிப்பவர் யார், என்ன படித்தவர், எந்தப் பாடத்தை எப்படி நடத்தப் போகிறார் என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கையும் உண்டு. சித்தியின் கோப்பு என் வரலாற்றுக் குறிப்புகளைவிடத் தடிமனாக இருந்தது.

முடிவில் பிஎஸ்எல்இ. வெறுமனே எழுதினால் போதாது. தேசியப் பள்ளி மாணவர்களை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைத் தாண்டிய இடத்துக்குரிய மதிப்பெண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். இந்த எல்லைக்கோடு பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இல்லை. ஆக, தேர்வு அழுத்தத்துக்குப் பயந்து வீட்டுக்கல்வியை நாடுபவர்கள் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

தம்பிக்கு வீடு தந்தது நேரம். பின்னம் புரிய மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் அதையே படித்தான். காலையில் பாட்டியோடு சந்தைக்குப் போய் மீன் நிறுத்து வாங்கினான். பிற்பகலில் ஆங்கிலக் கதைகளைப் பாட்டிக்கு உரக்க வாசித்தான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் “ம்” கொட்டுவார். அவன் எவ்வளவு திக்கினாலும் சிரிக்காத ஒரே வகுப்பு அதுதான். திக்கல் இன்னும் முழுதாகப் போகவில்லை. பயம் போய்விட்டது.

தமிழ்தான் இடித்தது. சித்தியும் என்னைப்போல ஆங்கிலத்தில் படித்து, தமிழை ஒரு பாடமாக மட்டும் கற்றவர். எழுத்துக்கு ஒரு துணைப்பாட ஆசிரியர், பேச்சுக்குப் பாட்டி என்று ஏற்பாடானது. பத்து வயதில் தம்பி எழுபது வயதுக்காரரைப்போல் தமிழ் பேசினான். ஒரு கல்யாணத்தில் தன் வயதுப் பையனிடம் போய், “ஒடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டான். அந்தப் பையன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது: தமிழில் பேச அவனுக்குத் தன் வயதில் ஒருவர்கூட இல்லை.

என் உயர்நிலைப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது. பள்ளி முடிந்ததும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படித்தேன். வெவ்வேறு பள்ளிச் சீருடைகள், ஒரே வகுப்பறை. அங்கே கற்ற இலக்கணத்தில் பாதி மறந்துவிட்டது. கூடப் படித்தவர்களுக்கு இன்றும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறேன். ஆங்கில எழுத்தில்தான், என் தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும். பெரியம்மா கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

செலவையும் பேச வேண்டும். நான்கு ஆண்டுகள் சித்திக்குச் சம்பளம் இல்லை. மத்திய சேமநிதிக் கணக்கில் சம்பளத்திலிருந்து ஒரு வெள்ளி சேரவில்லை. சித்தப்பாவின் ஒரே வருமானத்தில் வீட்டுக் கடனும் கட்டினார்கள். இப்போது வேலை தேடும் சித்தியிடம், இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்கிறார்களாம். இருவரும் ஷிப்டு வேலை பார்க்கும் வீட்டில் இதே வயிற்றுவலி ஒரு பிள்ளைக்கு வந்தால் என்ன செய்வது? “வீட்டிலேயே படிக்க வைங்க” என்று சொல்வது எளிது. வேலையை விடுவது யார், ஏன் பெரும்பாலும் அம்மா என்று நாம் கேட்பதில்லை.

இருந்தாலும் சித்தி செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தப் பாதையை அடைக்கக் கூடாது. அதில் நடக்கும் பிள்ளை தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள தொடக்கப்பள்ளியின் தமிழ் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு மூன்று பாடவேளை இடம் தரலாம். இணைப்பாட நடவடிக்கைகளிலும் சேர்த்துக்கொள்ளலாம். காப்புறுதி, வருகைப்பதிவு என்று சிக்கல்கள் வரும்தான். ஆனால் தமிழுக்காக மட்டும் வேற்றுப் பள்ளிக்குப் போவது நம் சமூகத்துக்குப் பழக்கமான ஏற்பாடு. நானே அப்படிப் போனவள். சிறிய தமிழ் வகுப்புகளில் ஒரு நாற்காலி கூடினால் ஆசிரியர்களும் மகிழ்வார்கள் என்றே நம்புகிறேன்.

தம்பி எல்லைக்கோட்டைத் தாண்டி, உயர்நிலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். தமிழ் வகுப்பில் அவனோடு எட்டுப் பேர். முதல் வாரம் முடிந்ததும், “அக்கா, கிளாஸ்ல எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசிக்கிறாங்க” என்றான்.

“நீ என்ன செஞ்சே?”

“நான் தமிழ்ல பேசுறேன். என்னைத் ‘தாத்தா’ன்னு கூப்பிடுறாங்க.”

மனம் நொந்துவிட்டானோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறானாம். என்ன சமைப்பது என்று பாட்டி அதற்குள் கேட்கத் தொடங்கிவிட்டார்.