பெயர் பொருந்தினால் போதாது. குறியீடு பொருந்த வேண்டும்

விளைந்த நெல்லை அப்படியே மண்டியில் போடாமல், அரிசியாக்கிப் பையிலிட்டு நுகர்வோருக்கே விற்க முற்படும் விவசாயிகள் குழுக்கள் இன்று பல உள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கைப்பேசி மூலமே அரிசி வாங்கும் குடும்பங்கள் ஏராளம். இவர்களை நம்பி இணையக் கடை தொடங்கும் குழுக்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருத்தல் அவசியம்.

இணையக் கடையில் ஒரு சரக்குப் பட்டியல் இருக்கும். டேலி போன்ற கணக்கு மென்பொருளில் கையிருப்புப் பட்டியல் தனியே இருக்கும். இரண்டையும் இணைத்துவிட்டால், விற்ற சரக்கு கணக்கில் தானே கழியும். நல்ல வசதிதான். ஆனால் எந்தச் சரக்குக்கு எது ஈடு என்பதை நாம்தான் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் பெயரை அறியும், ரகத்தை அறியாது.

பெயர்க் குழப்பம்

பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பி.பி.டி. 5204 ரகத்தை நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்கிறோம். வெள்ளைப் பொன்னி வேறு ரகம். திரூர் நிலையம் தந்த டி.கே.எம். 13 மற்றொரு சன்ன ரகம். மூன்றும் கடையில் 'பொன்னி அரிசி' என்ற ஒரே பெயரில் நின்றால் என்ன ஆகும்? விற்றது ஒருவர் சரக்கு, கணக்கில் கழிவது வேறொருவர் சரக்கு. விற்ற பின் பணம் என்ற ஏற்பாட்டில் நெல் கொடுத்த சிறு விவசாயி, தன் அரிசி தீர்ந்த பிறகும் காத்திருக்க நேரிடும்.

அளவுக் குழப்பம்

கடையில் அரிசி பைக் கணக்கு. ஏட்டில் கிலோக் கணக்கு. 5 கிலோ பை 20 விற்றால் இருப்பில் 100 கிலோ குறைய வேண்டும். அளவைச் சரியாகப் பொருத்தாவிட்டால் 20 கிலோ மட்டுமே குறையும். மீதி 80 கிலோ ஏட்டில் இருக்கும், கிடங்கில் இராது. அதை நம்பி மேலும் ஆர்டர் ஏற்றுவிட்டு, பிறகு இல்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். கீரையைக் கட்டாக விற்றுக் கிலோவாக எழுதுவோருக்கும் இதே தொல்லைதான்.

2022 ஜூலை 18 முதல், முத்திரைச் சீட்டு ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதையொட்டி 26 கிலோ மூட்டைகள் கடைகளில் பரவின. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். எடையும் வரியும் வேறு. ஆகவே கணக்கிலும் இரண்டாகவே இருக்கவேண்டும்.

விதை மூட்டை கற்பிக்கும் பாடம்

விதை வாங்கும்போது நாம் மணியைப் பார்த்து மட்டும் ரகத்தை முடிவு செய்வதில்லை. சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கும். விற்பனைச் சரக்குக்கும் அத்தகைய அட்டை வேண்டும். அதுவே குறியீடு.

செய்யவேண்டியவை

1. ரகம், பச்சரிசியா புழுங்கலா, புதியதா பழையதா, பை எடை ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு சரக்கு. நான்கில் ஒன்று மாறினாலும் தனிக் குறியீடு தருக.

2. அதே குறியீட்டைக் கடையிலும், கணக்கிலும், பையின் மீதும் எழுதுக. பெயரை வைத்து இணைக்கவேண்டாம்.

3. நெல்லும் அரிசியும் தனித்தனிச் சரக்குகள். அரைத்தவுடன் நெல் இருப்பைக் குறைத்து, கிடைத்த அரிசியை ஏற்றுக. 100 கிலோ நெல்லுக்கு 100 கிலோ அரிசி வராது. அரசுக் கணக்கில் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ.

4. நேரில் விற்பதையும் அன்றன்றே பதிவு செய்க. வாரம் ஒருமுறை மூட்டைகளை எண்ணி ஏட்டுடன் ஒப்பிடுக.

பல குழுக்கள் இவ்வேலையைக் கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் விட்டுவிடுகின்றன. இது சரியன்று என்பது என் கருத்து. ஆந்திரா பொன்னியும் வெள்ளைப் பொன்னியும் வேறு என்பது அவருக்குத் தெரியாமலிருக்கலாம், உழுதவருக்குத் தெரியும். குறியீட்டுப் பட்டியலை விவசாயிகளே உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். தட்டச்சு செய்வது மட்டுமே அவர் வேலை. குழுவில் பங்குதாரராக உள்ள ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்தில் அப்பட்டியலைக் கேட்டு வாங்கி, தம் சரக்கு எந்தக் குறியீட்டில் உள்ளது என்று பார்த்துக்கொள்வது நலம்.