நாய்க்குட்டியும் அடக்கமுடைமையும்

அடக்கம் மாந்தர்க்கே உரிய பண்பென்பார் பலர். நாய்க்குட்டிக்கும் அதனைக் கற்பித்தல் கூடும். ஆயின் பிரம்பினால் அன்று என்பது எமது துணிபு.

கடலூரில் எம் இல்லத்துக் குட்டி சோற்றுத்தட்டைக் கண்ட மாத்திரத்தே பாய்ந்து விழும். அடித்தோம், அச்சம் வளர்ந்ததேயன்றி அடக்கம் வளர்ந்திலது. பின்னர் முறையை மாற்றினோம். பாயுங்கால் தட்டை உயர்த்தினோம்; 'இரு' என்றவுடன் அமர்ந்து பொறுக்குங்கால் இறக்கினோம். முதல் நாள் ஒரு நொடிப் பொறுமைக்கே உணவளித்து, நாடோறும் அதனைச் சிறிது சிறிதாய் நீட்டினோம். பாடம் 5 நிமிடத்திற்கு மேற்படவில்லை. இல்லத்தார் அனைவரும் அவ்வொரு சொல்லையே வழங்கினர்.

நற்பயன் உடன் கிட்டும் செயல் மீண்டும் நிகழும் என்பது அமெரிக்க உளநூலறிஞர் தார்ண்டைக் 1911-இல் வெளியிட்ட நூலில் வகுத்த விதி. அதன் உண்மையைச் சிதம்பரம் கீழவீதியில் கண்டோம். பூனையொன்று குறுக்கே ஓட, கயிற்றை உதறிப் பாய்ந்தது குட்டி. எதிரே மோட்டார் வண்டி! 'இரு' என்றோம், இருந்தது, பிழைத்தது.

பிரம்பு கைக்கெட்டும் தொலைவே ஆளும். பழக்கமோ கயிறு நழுவிய இடத்தும் காக்கும். தம் சினத்தை அடக்கமாட்டாதார் பிறிதோர் உயிர்க்கு அடக்கம் கற்பித்தல் யாங்ஙனம்? வள்ளுவனார் வகுத்த 13-ஆம் அதிகாரத்தை, நாய் வளர்க்கும் அன்பர்கள் முதலில் தாம் ஓதுவாராக.